எந்த ஆண்டில் நின்ற நூல்?

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், எழுபதுகளில் அச்சான ஒரு தமிழ் இயற்பியல் நூல் எனக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் வெளியீடு. பழுப்பேறிய தாள், ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தின் மங்கிய ஊதா முத்திரை, தொடக்கத்தில் கல்வியமைச்சர் நெடுஞ்செழியனின் அணிந்துரை, கடைசிப் பக்கங்களில் கலைச்சொற் பட்டியல். அன்று என்னோடு வந்திருந்தவர் பக்கத்து வீட்டு இளைஞர். கல்லூரியில் தமிழ் வழியில் படித்தவர், போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இப்பவும் படிக்கலாமா சார்?" என்று கேட்டார்.

அங்கேயே நின்று சில அத்தியாயங்களைப் பார்த்தேன். நியூட்டனின் விதிகளும் ஒளியியலும் தெளிவான தமிழில் இருந்தன. இன்றைய கையேடுகள் பலவற்றில் அப்படிப்பட்ட விளக்கம் கிடையாது. அளவீடுகள் அத்தியாயத்தில் மீட்டருக்குக் கிரிப்டான் ஒளியின் அலைநீளத்தை வைத்து வரையறை சொல்லியிருந்தது. அந்த வரையறை 1960-இல் வந்தது; 1983-இல் ஒளியின் வேகத்தை வைத்து மீட்டர் மறுபடி வரையறுக்கப்பட்டது. கிலோகிராமுக்குப் பாரிஸ் அருகே பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையைச் சொல்லியிருந்தது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கும் அந்தத் தகுதி இல்லை. நூலின் பெரும்பகுதி உயிரோடிருக்க, ஒரு பகுதி மட்டும் காலாவதியாகியிருந்தது. "இயக்கவியலுக்கும் ஒளியியலுக்கும் படிக்கலாம், அளவீட்டு அத்தியாயத்தை விட்டுடுங்க" என்றேன்.

தமிழில் துறைசார் நூல்களைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த இளைஞருடையதுதான். நூல் நல்லதா, ஆசிரியர் பெரியவரா என்பதெல்லாம் பிறகு. இந்த நூலின் அறிவு எந்த ஆண்டில் நின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பாடநூல் பத்தாவது, பன்னிரண்டாவது திருத்திய பதிப்பு என்று துறையோடு கூடவே நடந்து வருகிறது. தமிழில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது மறு அச்சு. பதிப்பு விவரப் பக்கத்தில் புதிய ஆண்டு, புதிய விலை, புதிய அட்டை எல்லாம் இருக்கும். உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. ஆகவே எந்த நூலை எடுத்தாலும் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். முதல் பதிப்பின் ஆண்டையே அச்சிடாத நூலை, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை.

தமிழின் அறிவுத்துறை அலமாரியில் எல்லாத் துறைகளுக்கும் ஒரே கடிகாரம் ஓடவில்லை. சில துறைகளின் கடிகாரம் இன்றும் சரியாக ஓடுகிறது, சிலவற்றினுடையது எழுபதுகளில் நின்றுவிட்டது. காரணம் எளியது. எந்தத் துறையில் ஆய்வே தமிழில் நடந்ததோ, அங்கே தமிழ் நூல்தான் மூலம். ஆங்கில நூல் அதைப் பார்த்து எழுதப்படுகிறது. எந்தத் துறையில் ஆய்வு வேறு மொழியில் நடந்ததோ, அங்கே தமிழ் நூல் ஒரு வாசல். வாசலும் வேண்டும், ஆனால் அதையே வீடு என்று நினைத்து அங்கேயே தங்கிவிடக் கூடாது.

நின்றுபோன கடிகாரங்களின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு முதலான நூல்களைத் தமிழாக்கினார், தம் மாணவர்களைக் கொண்டும் தமிழாக்கச் செய்தார், அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களையும் உருவாக்கினார். மொழி பெயர்க்கத் தொடங்கிவிட்டதால் அவருக்கு வகுப்பறை கிடைத்துவிடவில்லை. வகுப்பறை இருந்ததால்தான் நூல்கள் தேவைப்பட்டன. அவர் ஊர் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை, நூல்களுக்கும் மறுபதிப்புத் தேவை எழவில்லை.

அதே கதை இன்னும் பெரிய அளவில் தமிழ்நாட்டில் நடந்தது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி வகுப்புகள் தொடங்கின. அவற்றுக்காகத் தமிழ் வெளியீட்டுக் கழகமும், 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் பட்டப்படிப்பு நூல்களை வெளியிட்டன. மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்கள் வரவேண்டும் என்று மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் ஒதுக்கிய காலம் அது. தருக்கவியல், உளவியல், தாவரவியல், நிலவியல், புள்ளியியல், அரசியல், உலக நாடுகளின் வரலாறு எனத் தமிழில் அதற்கு முன் இல்லாத பரப்பு சில ஆண்டுகளுக்குள் உருவாயிற்று. எழுதியவர்கள் பெரும்பாலும் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய தமிழ் அவர்களுடையது, அந்த நடையின் தெளிவுக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அறிவியல் பட்டப்படிப்பைத் தமிழில் படிக்க வருகிறவர்கள் எண்ணிக்கை பெருகவில்லை. மேற்படிப்பும் ஆய்வும் ஆங்கிலத்திலேயே இருந்தன. அந்த ஆசிரியர்கள் ஓய்வுபெற்றார்கள். அடுத்த தலைமுறையை உட்கார வைத்துத் திருத்திய பதிப்புகளை எழுதச் சொல்ல யாரும் இல்லை. இன்று அந்நூல்களில் கணிசமானவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைப்பது பெரும் பேறு. எதைப் பயன்படுத்தலாம், எதை விட வேண்டும் என்று பிரித்தறியும் பொறுப்பு வாசகருடையது.

அப்படிப் பிரிக்க நான் சில உரைகற்கள் வைத்திருக்கிறேன். வேதியியல் நூலானால் தனிம அட்டவணையைப் பார்ப்பேன். கடைசி நான்கு தனிமங்களுக்கு 2016-இல் பெயரிட்டபின் மொத்தம் 118. அதற்குக் குறைவாக இருப்பதனால் அந்நூலின் அமில, கார விளக்கம் பழுதாகிவிடாது. ஆனால் நூல் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். நிலவியலுக்குப் புவித்தட்டுகள். அக்கோட்பாடு அறுபதுகளின் கடைசியில்தான் உறுதிப்பட்டது. நூலில் அதற்குத் தனி அத்தியாயம் இல்லாமல் கண்டங்களின் நகர்வு வெறும் கருதுகோளாக ஓரிரு பத்திகளில் முடிந்துவிட்டால், பாறைகளையும் கனிமங்களையும் மட்டும் அதில் படிக்கலாம். மலைகள் எப்படித் தோன்றின என்பதை வேறு நூலில்தான் படிக்க வேண்டும். வானியலுக்கு 2006, புளூட்டோவைக் குறுங்கோள் வரிசையில் சேர்த்த ஆண்டு. பொருளாதாரத்துக்கு 1991. அந்த ஆண்டின் சீர்திருத்தங்களுக்கு முன் எழுதப்பட்ட இந்தியப் பொருளாதார நூல் இன்று வரலாற்று ஆவணம். திட்டக்குழுவை நிகழ்காலத்தில் பேசும் நூல் 2015-க்கு முந்தையது. சட்டத்தில் மட்டும் இரக்கமே காட்டக் கூடாது. 2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று தமிழ் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த எண் இன்று 103. நடைமுறைக்காகப் படிக்கிறவர் பழைய உரைநூலை வாங்கினால் காசு வீண்; பழைய வழக்குகளை ஆராய்கிறவருக்கு மட்டுமே அது தேவை.

வரலாறு தனியாகப் பேச வேண்டிய துறை. இங்கே ஆண்டு மட்டும் போதாது. கே.கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' 1972-இல் பாடநூல் நிறுவன வெளியீடாக வந்து, இன்றும் போட்டித் தேர்வு மாணவர் மேசையில் இருக்கிறது. ஒரே நூலில் சங்க காலம் தொடங்கி அண்மைக் காலம் வரை சமூக வரலாற்றைச் சீரான நடையில் சொல்வதில் அதற்கு நிகராக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் கீழடி இருக்க முடியாது. அங்கே அகழாய்வு தொடங்கியதே 2014-இல்தான். வைகைக் கரையின் நகர வாழ்வைப் பொ.ஆ.மு. 6-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோன தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2019-இல் வந்தது. தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் பற்றி ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாள் உழைப்பை நூலாக்கி வெளியிட்டது 2003-இல். ஆகவே பிள்ளையின் நூலை வாங்குகிறவர் சங்க காலப் பகுதிக்குத் தொல்லியல் துறையின் வெளியீடுகளையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அவை விலை குறைவு, வண்ணப் படங்களோடு தமிழிலேயே கிடைக்கின்றன.

சோழர் வரலாற்றில் வேறொரு சிக்கல். நீலகண்ட சாஸ்திரியின் பெருநூல் ஆங்கிலத்தில் 1935-இலும் 1937-இலும் இரு தொகுதிகளாக வந்து, 1955-இல் திருத்தம் பெற்றது. தமிழாக்கமும் உண்டு. கல்வெட்டுகளை அவ்வளவு விரிவாகப் படித்து எழுதிய அந்த உழைப்பைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் வலிமையான மைய அரசு, செம்மையான அதிகாரவர்க்கம் என்று அவர் கண்ட சோழநாட்டைப் பின்வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. பர்ட்டன் ஸ்டெய்ன் 1980-இல் அந்தப் பார்வையைத் தலைகீழாக்கினார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் ஆயிரக்கணக்கில் எண்ணி வகைப்படுத்தி, நிலவுடைமை எப்படி மாறியது என்று காட்டினார்கள். அவர்களும் மட்சுயி என்ற ஆய்வாளரும் சேர்ந்து தயாரித்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-இல் மதுரையிலிருந்துதான் வந்தது. கராஷிமாவின் ஆய்வுகளைத் தமிழிலும் படிக்கலாம். சாஸ்திரியை மட்டும் படித்தவருக்கு விவாதத்தின் ஒரு குரல்தான் கேட்கும். வரலாற்றில் ஒரு நூலைத் தேர்ந்தெடுப்பது தவறு, இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; முதலாவதோடு இரண்டாவது முரண்பட வேண்டும். களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று கடந்துபோகும் நூலை வைத்திருப்பவர் மயிலை சீனி. வேங்கடசாமியின் களப்பிரர் நூலையும் பக்கத்தில் வைத்தால் அந்த முரண் தெளிவாகத் தெரியும். தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' தமிழிலேயே ஆய்ந்து தமிழிலேயே எழுதப்பட்டது. கல்வெட்டுத் தொடர்களை அடிக்குறிப்பில் அப்படியே தரும் அந்நூலை, மூல ஆதாரம் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்ட நான் எடுத்துக்கொடுப்பதுண்டு.

கடிகாரம் நன்றாக ஓடும் இடத்துக்கு வருவோம். நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், சமூக வரலாறு ஆகிய மூன்றிலும் தமிழ் நூல்களே முதல் வரிசை. நா. வானமாமலை எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் உட்காராமல் 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழை நடத்தினார். கதைப்பாடல்களை மக்களிடமிருந்து திரட்டிப் பதிப்பித்தார். அவருக்குப் பின் ஆ. சிவசுப்பிரமணியன் போன்றோர் அந்த வழியில் நடந்தார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித்துறையே உருவாயிற்று. அங்கிருந்த தே. லூர்துவின் 'நாட்டார் வழக்காற்றியல்: சில அடிப்படைகள்' இத்துறைக்குள் நுழைகிறவருக்கு நான் முதலில் சொல்லும் நூல். கோட்பாடுகள் வெளியிலிருந்து வந்தாலும் எடுத்துக்காட்டுகள் நம் கதைகள், நம் பழமொழிகள். படிப்பவர் தம் பாட்டியிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். மானிடவியலில் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' பாடநூலின் ஒழுங்கும் தமிழ்க் களத்தின் செழிப்பும் சேர்ந்தது. 1990-இல் வந்த அந்நூலோடு அவர் நின்றுவிடவில்லை. 2002-இல் 'தமிழர் மானிடவியல்', அதன்பின் இன்னும் பல. தம் துறையைத் தமிழிலேயே தொடர்ந்து கட்டியெழுப்பும் ஒருவர் இருந்தால் ஒரு துறை எப்படித் தழைக்கும் என்பதற்கு அவருடைய நூல்வரிசையே சான்று.

தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதப்பட்டு, 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்த நூல் அது. நம்மிடையே ஆய்வேடுகள் நூலாகும்போது முதல் இரண்டு இயல்கள் விளக்கங்களாலும் வரையறைகளாலும் நிரம்பி, ஆராய்ச்சி எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். இந்த நூலோ கோயிலுக்கும் அதைச் சுற்றி வாழும் வெவ்வேறு சாதி மக்களுக்கும் இடையே உள்ள உறவை நேரடியாகக் கேட்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஏன் கள்ளர் வேடத்தில் வருகிறார் என்ற கேள்வி ஒரு சமூக வரலாறாக விரிகிறது. ஆய்வேட்டு நூல் ஒன்று வாங்கத் தகுந்ததா என்று அறிய எனக்கு இதுவே அளவுகோல். முன்னுரையைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறப்பேன். ஆசிரியர் தாமே பார்த்தது, கேட்டது, எண்ணியது ஏதேனும் அந்தப் பக்கத்தில் உண்டா? பிறர் கூற்றுகள் மட்டுமே 'என்பர்', 'என்பார்' என்று வரிசையாக வந்தால் அந்நூலை அலமாரியிலேயே வைத்துவிடலாம். கருத்தரங்கத் தொகுப்புகளுக்கும் இதே சோதனை. ஐம்பது கட்டுரைகளில் மூன்று தேறினால் அம்மூன்றையும் நூலகத்தில் படியெடுத்துக்கொள்வதே சரி.

இலக்கியத்தில் சிக்கல் ஆண்டில் இல்லை, பதிப்பில் இருக்கிறது. இங்கே பழையதே பலமுறை மேலானது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பாடவேறுபாடு, மேற்கோள் அகராதி, அரும்பத அகராதி, நூலாசிரியர் வரலாறு என்று ஒரு நூலுக்கு வேண்டிய கருவிகளையெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு அவர் பெருக்கிக்கொண்டே போனார். அந்த உழைப்பின் பதிப்புரிமைக் காலம் முடிந்ததும், முன்னுரையையும் அகராதிகளையும் கழற்றிவிட்டுச் செய்யுளையும் உரையையும் மட்டும் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் பெருகின. விலை பாதிதான். ஆனால் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட வழி இருக்காது. சங்க நூல்களில் ஆய்வுக்கு இறங்குகிறவர் உ.வே.சா. நூலகத்தின் பதிப்புகளையே பார்க்கட்டும். நற்றிணைக்கு ஏவா வில்டன் 2008-இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு, சுவடிகளின் வேறுபாடுகளை அடி அடியாகத் தருகிறது.

மொழியைப் பற்றிய நூல்களிலும் என்ன தேவைக்கு என்பதே முதல் கேள்வி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, பழைய இலக்கியம் படிப்பவருக்கு இன்றும் இன்றியமையாதது. இன்றைய நாளிதழையும் நாவலையும் படிப்பவருக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி: 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்புகள்; பின்னிரண்டும் உண்மையாகவே திருத்தப்பட்டவை. தமிழில் இப்படி இரண்டு முறை புதுப்பிக்கப்பட்ட அறிவு நூல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இலக்கணத்தில், இலங்கையின் எம்.ஏ. நுஃமான் 1999-இல் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்', இக்காலத் தமிழை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது. நன்னூலுக்கு முன் இதைப் படித்தால் நன்னூல் எளிதாகும் என்பது என் அனுபவம்.

இலங்கை நூல்கள் தமிழ்நாட்டு வாசகர் கண்ணில் படாமலே போவது பெரிய இழப்பு. அங்கே உயர்தர வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் படிக்கும் மரபு தொடர்ந்து இருந்து வருகிறது. ஆகவே நூல்களும் உண்டு. கலைச்சொற்கள்தான் வேறு. நம் வேதியியல் அங்கே இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல், ஆக்சிஜன் ஒட்சிசன், நைட்ரஜன் நைதரசன். முதல் நாள் தடுமாற்றமாக இருக்கும். நூலின் கடைசியில் கலைச்சொற் பட்டியல் இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். அந்தப் பட்டியல் இல்லாத அறிவியல் நூலை எந்த நாட்டில் அச்சானாலும் தவிர்ப்பது நல்லது. நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருமளவில் எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. 1981-இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சேகரத்தின் அருமை தெரியும்.

தமிழில் அறிவியலுக்கு இன்று எங்கிருந்து தொடங்குவது? தயக்கமில்லாமல் சொல்வேன், பள்ளிப் பாடநூல்களிலிருந்து. 2018-இலும் 2019-இலும் தமிழ்நாட்டில் புதுப்பிக்கப்பட்ட பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு நூல்கள் பழைய பட்டப்படிப்பு நூல்களின் முதலாண்டுப் பகுதியைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகின்றன. கோப்பு வடிவில் இலவசம். கடையில் விற்கும் கையேடுகள் அவற்றின் சுருக்கமே. மூலம் கையிலிருக்கச் சுருக்கத்துக்குக் காசு கொடுப்பானேன்? சூழலியலிலும் பறவையியலிலும் நிலைமை இன்னும் மேல். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகள், க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்', சு. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' மூன்றுமே நேரே பார்த்து எழுதியவை. இத்துறையில் களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மற்ற அறிவியல்களில் களம் ஆய்வுக்கூடத்துக்குள் அடைபட்டதும் தமிழும் வெளியே நின்றுவிட்டது.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. மக்கள்தொகைக்கும் நாட்டு எல்லைகளுக்கும் அதைப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் ஒரு கடினமான கருத்தைத் தமிழில் எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று கற்க விரும்பும் ஆசிரியர்கள் அதில் ஏதேனும் ஓர் அறிவியல் கட்டுரையைப் படித்துப் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டு இளைஞருக்கு அந்த வாரம் நான் எழுதிக்கொடுத்த சீட்டில் இவை இருந்தன: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு, பொருளியல் நூல்கள்; கே.கே. பிள்ளை; கீழடி அறிக்கை; பக்தவத்சல பாரதி; க்ரியா அகராதி. வாங்கும் முன் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புரட்டிவிடுங்கள் என்றும் சொன்னேன். அவரும் போனார். திரும்பி வந்ததும், "சார், புள்ளியியலுக்கு ஒண்ணும் எழுதலையே? அங்கயும் தேடினேன், பழசுதான் இருக்கு. கணினியில கணக்குப் போடுறதச் சொல்ற புத்தகம் தமிழ்ல எது?" என்று கேட்டார். சீட்டைத் திரும்ப வாங்கிப் பாடநூல் நிறுவனத்தின் பழைய புள்ளியியல் நூலை அடியில் சேர்த்தேன். சராசரி, திட்டவிலக்கம், நிகழ்தகவு வரை அதில் படிக்கலாம் என்று எழுதி, அதன் முதல் பதிப்பு ஆண்டைப் பக்கத்தில் குறித்துக் கொடுத்தேன். கணினிக்கு எழுத வேண்டிய வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.